நீலகிரிக்கு எந்த மாதம் போகலாம்? பூ, மழை, உறைபனி, திருவிழா பார்த்துத் திட்டமிடுங்கள்

ஊட்டிக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மே மாதம் என்பார்கள். பள்ளிக்கூடம் லீவு, சமவெளியில் வெயில் கொளுத்துகிறது, மலர்க் கண்காட்சியும் அப்போதுதான், அதனால் எல்லோரும் அந்த ஒரு மாதத்திலேயே மலையேறுகிறார்கள். ஏறிவிட்டு, ரோட்டில் பாதி நாள் போச்சு என்று சலித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நீலகிரியில் ஒவ்வொரு பருவத்துக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற மாதத்தைப் பிடியுங்கள். தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் என்ன இருக்கிறது என்று தேடாதீர்கள்.

முதலில் மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊட்டி மட்டும் நீலகிரி இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கூடலூரும் மசினகுடியும் அதில் பாதி உயரம்கூட இல்லை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும்போது மேற்குப் பக்கம் இருக்கிற கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி இவற்றைத்தான் முதலில் அடிக்கிறது. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதங்களில் கிழக்குப் பக்கம் இருக்கிற கோத்தகிரியில் பல நாள் வெறும் மேகமும் சாரலுமாகத்தான் இருக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை வரும்போது கதை தலைகீழாகிவிடும், குன்னூரும் கோத்தகிரியும் நனையும், மலைப்பாதையில் மண் சரியும். அதனால் "நீலகிரியில் மழையா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, மே மாதத்திலிருந்தே தொடங்கலாம். கோடை விழா என்று தோட்டக்கலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் வரிசையாகக் கண்காட்சிகள் நடத்துகிறார்கள்: கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜா பூங்காவில் ரோஜா கண்காட்சி, அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும், வரிசையும் கொஞ்சம் மாறும், ஏப்ரலில் அறிவிப்பு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.

மலர்க் கண்காட்சிக்குத்தான் கூட்டம் எல்லாம். 1896இல் தொடங்கியது, 2025இல் நடந்தது 127ஆவது. தாவரவியல் பூங்காவே 1848இல் உருவாக்கப்பட்டது, 22 ஹெக்டேர். கார்னேஷன் பூக்களை ஆயிரக்கணக்கில் அடுக்கிப் பெரிய உருவங்கள் செய்து வைப்பார்கள், எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். நான் சொல்வது, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடங்களில் அடுக்கியிருக்கும் தொட்டிச் செடிகளிடம் போங்கள். பல மாதம் முன்பே விதைத்து, பனியில் கருகாமல் மூடிக் காப்பாற்றி, சரியாக அந்த வாரம் பூக்கிற மாதிரி தொழிலாளர்கள் வளர்த்தெடுத்த செடிகள் அவை. கண்காட்சியின் உண்மையான உழைப்பு அங்கேதான் இருக்கிறது. கண்காட்சி முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனாலும் பெரும்பாலும் அந்தப் பூக்கள் அப்படியே இருக்கும், கூட்டம் மட்டும் குறைந்திருக்கும். மலர் உருவங்கள் கட்டாயம் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு ஜூன் முதல் வாரம் நல்லது. அதுவும் தென்மேற்கு மழை சரியாகப் பிடிப்பதற்கு முன்னால்.

சிம்ஸ் பூங்காவைத் தவறவிடாதீர்கள். 1874இல் உருவானது, ஒரு சரிவில் இறங்கிக்கொண்டே போகும், கிழவர் கிழவி போல நிற்கிற பழைய மரங்களுக்காகவே போகலாம். பழக் கண்காட்சி நாட்களில் ஊட்டி அளவுக்கு நெரிசல் இருக்காது. கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி இன்னும் அமைதி. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த இரண்டும் ஊட்டியைவிடப் பொருத்தம், நின்று பார்க்க இடம் இருக்கும்.

குதிரைப் பந்தயத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஏப்ரல் 14 தொடங்கி நடந்துகொண்டிருந்த ஊட்டிப் பந்தயம் நடந்த நிலத்தை 2024இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

காரில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. வரம்பு இருக்கும்போது சனிக்கிழமை காலையில் பாஸுக்கு உட்கார்ந்தால் கிடைக்காது, தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அதனால் கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருபவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப்பாதையாக விடுவது வழக்கம். இறங்கும்போது குன்னூரில் நிறுத்தலாம் என்று திட்டம் போட்டுவிடாதீர்கள், ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.

மே மாதம்தான் வர முடியும் என்பவர்கள் தங்குவதைக் கோத்தகிரியிலோ குன்னூரிலோ வைத்துக்கொண்டு, திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் மட்டும் காலையிலேயே ஊட்டிக்குப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஊட்டிக்குள் சொந்த வண்டியை எடுக்காதீர்கள். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுப் பேருந்து விடுகிறது, ஒரு டிக்கெட்டில் நாள் முழுக்க முக்கியமான இடங்களில் ஏறி இறங்கலாம், பார்க்கிங் தேடும் வேலை மிச்சம். இன்னொன்று, மேயில் ஊட்டி குளுகுளு என்று இருக்கும் என்று நம்பி வராதீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் பகல் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. ராத்திரி குளிரும், பகலில் தொப்பி வேண்டும்.

ஏப்ரலில் வருபவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா. மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள். பல வாரம் நடக்கும் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்தாரும் ஒவ்வொரு நாள் உபயம் எடுத்துச் செய்வார்கள். தேர் அன்று மக்கள் தேர் மேல் உப்பை வீசி வேண்டிக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்த மொத்த மலையும் அன்று ஊட்டித் தெருவில் நிற்கும். இந்த ஊர் சுற்றுலாவுக்காக மட்டும் இருக்கிற ஊர் இல்லை என்பது அன்றைக்குப் புரியும். அன்று உள்ளூர் விடுமுறை, டவுனுக்குள் வண்டி நகராது, நடந்துதான் போக வேண்டும். குன்னூர் தந்தி மாரியம்மன் கோயிலிலும் சித்திரைத் திருவிழா அதே காலத்தை ஒட்டி நடக்கும்.

மலை ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டி வரை நீண்டது, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காலை 7.10க்குக் கிளம்பி மதியம் போய்ச் சேரும் ரயில்தான் நீராவி இன்ஜினோடு ஏறும் ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல்சக்கரப் பாதை இருக்கும், அதைப் பற்றிக்கொண்டு இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். குன்னூருக்கு மேல் டீசல். "ஊட்டி ரயிலில் போனோம்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் குன்னூர் ஊட்டி இடையே மட்டும் போனவர்கள். அதுவும் அழகுதான், கேத்தி, லவ்டேல் பக்கம் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பல்சக்கரம், ஆடர்லி, ஹில்குரோவ், அருவிகள், காடு எல்லாம் கீழ்ப் பாதியில்தான். அதற்கான முன்பதிவு திறந்தவுடன் தீர்ந்துவிடும், சென்னையிலிருந்து வருபவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம் வந்து நேராக இதில் மாறிக்கொள்ளலாம். எந்த மாதம் நல்லது என்றால், மழை பெய்து ஓய்ந்த செப்டம்பர். அக்டோபர் கடைசி, நவம்பர், டிசம்பர் தொடக்கம் இந்த மாதங்களில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் குன்னூர் இடையே ரயிலை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்த ஒரு ரயிலை நம்பி முழுப் பயணத்தையும் அப்போது திட்டமிட வேண்டாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். எல்லோரும் ஒதுக்குகிற மாதங்கள், ஆனால் எனக்கு ஒதுக்க மனம் வராது. மேயிலிருந்தே பிளம்ஸ் வரத் தொடங்கும், அப்புறம் பேரிக்காய். மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் பர்லியாறு, கல்லாறு அரசுப் பழப் பண்ணைகள் இருக்கின்றன. மங்குஸ்தான், துரியன் இரண்டும் இந்த மாதங்களில்தான் வரும், ரோட்டோரக் கடைகளிலும் கிடைக்கும். மங்குஸ்தான் வாங்கும்போது தோலை லேசாக அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் வேண்டாம். காட்டுப் பழங்களில் தவிட்டுப் பழம் கோடையோடு முடிந்துவிடும், மேயில் வருபவர்கள் கிராமத்துப் பக்கம் விற்பதைக் கண்டால் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

மழைக்கு எச்சரிக்கை வந்தால் தொட்டபெட்டா, பைன் காடு, அவலாஞ்சி போன்ற வனத்துறை இடங்களை மூடிவிடுவார்கள். கோபப்பட வேண்டாம், இங்கே மரம் விழுவது சாதாரணம். ரெட் அலர்ட் என்றால் கூடலூர் பக்கமும் அவலாஞ்சிப் பக்கமும் போகவே போகாதீர்கள், அறையிலேயே இருங்கள்.

இனி, கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் காலத்துக்கு வருகிறேன். செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இங்கே இதை இரண்டாவது சீசன் என்பார்கள். மழை கழுவிவிட்ட மலை, எங்கே பார்த்தாலும் பச்சை, காலையில் வானம் தெளிவாக இருக்கும். தாவரவியல் பூங்காவில் இரண்டாவது சீசனுக்கென்று தனியாகத் தொட்டிச் செடிகள் வளர்த்து மாடத்தில் அடுக்குவார்கள், மே மாதம் பார்த்த அதே அழகைப் பாதிக் கூட்டத்தில் பார்க்கலாம். ஓணம், ஆயுதபூஜை விடுமுறை நாட்களில் மட்டும் கேரளா, கர்நாடகாவிலிருந்து நிறையப் பேர் வருவார்கள், அந்த நாட்களைத் தவிர்த்தால் போதும். தொட்டபெட்டா, 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரமான சிகரம், கோடையின் புழுதி மூட்டத்தில் போவதைவிட இப்போது காலை நேரத்தில் போனால் சமவெளிவரை தெரியும். தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில், பார்சன்ஸ் வேலி போன்ற பாதைகள் இருக்கின்றன. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ அபாயம் என்று நிறுத்திவிடுவார்கள், அதனால் நடக்க நினைப்பவர்களும் மழை முடிந்த இந்த மாதங்களில், இல்லையென்றால் குளிர்காலத்தில் வந்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் யாராவது "நான் கூட்டிப்போறேன்" என்றால் போகாதீர்கள்.

ஐப்பசியில் கூடலூர் பக்கம் பூப்புத்தரி என்று புது நெல் அறுவடைத் திருவிழா நடக்கும். மலை என்றாலே தேயிலை என்று நினைப்பவர்கள் அங்கே வயலையும் நெற்கதிரையும் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள்.

நவம்பர் வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதம் இங்கே இருப்பவர்களே ராத்திரி மலைப்பாதையில் போக யோசிப்பார்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. மேகமில்லாத ராத்திரியில் தாழ்வான புல்வெளிகளில் பனி உறைந்து, விடிந்ததும் தரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி பக்கங்களில்தான் நன்றாகப் பார்க்கலாம், மேட்டில் இருக்கிற லாட்ஜ் ஜன்னலிலிருந்து தெரியாது. விடியும் முன் போய் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் கரைந்துவிடும். முந்தின நாள் மேகமூட்டமாகவோ மழையாகவோ இருந்தால் உறைபனி விழாது, அலாரம் வைக்காமல் தூங்கலாம். புல்லில் நடந்து மிதிக்காதீர்கள், பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். உங்களுக்கு அழகாகத் தெரிகிற அதே பனியில்தான் தேயிலை கருகிப்போய் சிறு விவசாயிகளுக்கு நஷ்டம் வருகிறது. பூங்காக்களில் பூச்செடிகளைப் பனி படாமல் கோத்தகிரி மிலார் என்ற செடியால் மூடி வைத்திருப்பார்கள், அதைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கம்பளி, கையுறை, காதை மூடும் குல்லா கட்டாயம். ரூமில் ஹீட்டர் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து, புகையில் மூச்சடைத்து இங்கே இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

இதே குளிர்காலத்தில்தான் மலை மக்களின் பெரிய திருவிழாக்கள் வருகின்றன. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை மார்கழியில், டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில். கோத்தகிரி அருகே பேரகணியிலும் இன்னும் பல ஹட்டிகளிலும், அதாவது படகர் ஊர்களிலும், நடக்கும். ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவார்கள், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அந்த வெள்ளை வரிசை நகர்ந்து வருவது எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காத காட்சி. தோடர்களின் மொற்பர்த் பண்டிகை ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்து என்ற தோடர் ஊரில் நடக்கும். ஆண்கள் புத்துக்குளி என்ற பூவேலைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூம்பு வடிவக் கோயிலில் வழிபட்டு, பாடி ஆடி, உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமை காட்டுவார்கள். கோத்தர்கள் தங்கள் ஊர்களில் அய்யனோர் அம்மனோர் திருவிழாவைத் தங்கள் சொந்த வாத்தியங்களை வாசித்து நடத்துவார்கள்.

இவற்றுக்குப் போவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இவை உங்களுக்காக நடத்தும் நிகழ்ச்சி இல்லை, அவர்கள் வீட்டு விசேஷம். அந்த ஊர்க்காரர் யாரையாவது முன்கூட்டியே கேட்டு, வரலாம் என்றால் மட்டும் போங்கள். பேரகணிக்குப் போவதானால் வெள்ளையோ எளிய உடையோ போடுங்கள், செருப்பைக் கழற்றச் சொன்ன இடத்திலேயே கழற்றுங்கள். தோடர் கோயிலுக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை, வெளி ஆட்கள் எவரும் கோயிலை நெருங்கக் கூடாது, அங்கே நின்று வாதம் செய்யாதீர்கள். முகத்துக்கு நேராக கேமராவை நீட்டாதீர்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். தோடர் பூ வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, வாங்க விரும்பினால் தோடர் பெண்களிடமே வாங்குங்கள், கையால் போட்ட தையலுக்கு அவர்கள் சொல்லும் விலை நியாயமானது, பேரம் பேசி அடிக்காதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் மேல் மலைச் சோலை ஓரங்களில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும், ரோடோடென்ட்ரான் என்று சொல்வதும் இதைத்தான். அதைத் தொடர்ந்து ஊருக்குள்ளும் சாலையோரங்களிலும் ஜகரண்டா ஊதாப் பூக்கள். நீலக்குறிஞ்சியைத் தேடி வருபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தப் பெரிய பூப்பு மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2018இல் நடந்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. நீலகிரியில் வேறு குறிஞ்சி வகைகள் வேறு ஆண்டுகளில் அங்கங்கே பூக்கும், செய்தி பார்த்தவுடன் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பூவைப் பறித்து வருவது அடுத்த தலைமுறைச் செடியையே பறிப்பதாகும்.

மசினகுடி அருகே பொக்காபுரம் மாரியம்மன் கோயில் திருவிழா மாசியில். ஊட்டி, கூடலூரிலிருந்து சிறப்புப் பேருந்து விடுவார்கள், அதிலேயே போய்விடுங்கள். யானை நடமாடும் காட்டோரம் அது, இருட்டிய பிறகு ரோட்டில் இறங்கி நிற்பதும், சமைத்த மிச்சத்தைக் காட்டோரத்தில் கொட்டுவதும் ஆபத்து. முதுமலை, தெப்பக்காடு யானை முகாம் பார்க்க நினைப்பவர்களும் இந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கோடையில் காடு காய்ந்து கிடக்கும், பச்சைக் காடு வேண்டுமென்றால் மழைக்குப் பிறகுதான். மைசூர் பக்கம் போகிறவர்கள், பந்திப்பூர் வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வந்தாலும் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. குடிநீர் பிடிக்க ஊருக்குள் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. திரும்பும்போது வர்க்கி வாங்குங்கள், 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, பாக்கெட்டில் அடைத்துக் கிடப்பதைவிட அன்று சுட்டதை பேக்கரியில் கேட்டு வாங்குவது நல்லது. குளிர்காலத்தில் வந்தவர்கள் உறைபனி மாதங்களில் பறித்துச் செய்த தேயிலைத்தூள் கிடைக்குமா என்று குன்னூரில் கேட்டுப் பாருங்கள், வாசனையே வேறு.

கடைசியாக கல்லட்டி மலைப்பாதை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகள், மேப்பில் குறுக்கு வழியாகக் காட்டும். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை, பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகள்தான் காரணம். கூடலூர் சுற்றித்தான் இறங்க வேண்டும், அதற்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள்.